பெர்க்லி அகற்றிய விரிவுரைகள்

2017 மார்ச் 1ஆம் தேதி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. உலகில் எவரும் காசில்லாமல் பார்க்கவும் கேட்கவும் முடிந்த 20,000க்கும் மேற்பட்ட விரிவுரைப் பதிவுகள் அம்மாதம் 15ஆம் தேதி முதல் பொதுப் பார்வையிலிருந்து படிப்படியாக எடுக்கப்படும். இனி அவற்றைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் மட்டுமே திறக்க முடியும் என்றது அந்த அறிவிப்பு. அந்தப் பதிவுகளில் பல காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் பயன்படாதவையாக இருந்தன. அது சட்ட மீறல் என்று அமெரிக்க நீதி அமைச்சகம் ஆறு மாதங்களுக்கு முன்பே எழுதியிருந்தது. செய்தி பரவியதும் பலரும் சொன்ன கருத்து ஒன்றுதான்: சிலருக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக எல்லோரிடமிருந்தும் பறித்துவிட்டார்கள், சட்டம் அறிவைக் கொன்றுவிட்டது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தத் தீர்ப்பு பிழையானது. பெர்க்லியின் கடந்த காலத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்தப் பாடங்களை உலகம் இழந்ததற்குக் காரணம் சட்டம் அல்ல என்பது தெரியும். உள்ளடக்கத்தை முதலில் உருவாக்கிவிடுவது, மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வது என்ற பழக்கமே காரணம். அந்தப் பழக்கம் பெர்க்லிக்கு மட்டும் உரியதல்ல என்பதால்தான் அதன் கதை நமக்கும் வேண்டியிருக்கிறது.

இந்தக் கதை வேறு எந்த ஊரில் நடந்திருந்தாலும் அறியாமை என்று விட்டுவிடலாம். பெர்க்லியை அப்படி விட முடியாது. கலிபோர்னியா மாநிலத்தின் காது கேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் 19ஆம் நூற்றாண்டு முதல் 1980 வரை அந்த ஊரில்தான் இயங்கின. அவை ஃப்ரீமாண்ட் நகருக்கு இடம்பெயர்ந்த பிறகு, அந்த நிலமும் கட்டடங்களும் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து மாணவர் விடுதிகளாயின. பார்வையற்றோர் பள்ளியில் படித்த ஜேகோபஸ் டென்புரோக், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சட்டம் வரை பயின்று 1942 முதல் அங்கேயே பேராசிரியராக இருந்தார். சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர் அவர். அமெரிக்கப் பார்வையற்றோர் தாமே நடத்தும் தேசியக் கூட்டமைப்பை 1940இல் தொடங்கியவரும் அவரே. ‘உலகில் வாழும் உரிமை’ என்ற பொருள்படும் தலைப்பில் 1966இல் அப்பல்கலைக்கழகத்தின் சட்ட இதழில் அவர் எழுதிய கட்டுரை, ஊனமுற்றோர் பொதுவெளியில் நடமாடுவது பிறர் காட்டும் இரக்கத்தைச் சார்ந்தது அல்ல, சட்டம் காக்க வேண்டிய உரிமை என்று வாதிட்டது. மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டவியலின் முன்னோடி எழுத்துகளுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1962இல், அந்த வாதத்துக்கு உயிருள்ள சான்றாக ஒரு மாணவர் வந்து சேர்ந்திருந்தார். எட் ராபர்ட்ஸ் பதினான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இரவில் இரும்பு நுரையீரல் இயந்திரத்துக்குள் படுத்தே மூச்சுவிட முடிந்தவர். அந்த இயந்திரத்தின் எடையைத் தாங்கும் விடுதி அறை இல்லாததால், வளாகத்தின் கோவெல் மருத்துவமனையே அவருக்கு விடுதியாயிற்று. அவரைத் தொடர்ந்து வந்த சக்கர நாற்காலி மாணவர்கள் அங்கே ஒன்று திரண்டார்கள். 1970இல் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான திட்டத்தைப் பல்கலைக்கழகத்துக்குள்ளும், 1972இல் தற்சார்பு வாழ்வு மையத்தை ஊருக்குள்ளும் உருவாக்கினார்கள். சக்கர நாற்காலி இறங்கும் வகையில் நடைபாதை ஓரங்களைச் சரிவாக்கும் வேலையை நகராட்சி அந்த ஆண்டுகளில்தான் கையில் எடுத்தது. 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம், மத்திய அரசின் பணம் பெறும் எந்த நிறுவனமும் ஊனத்தின் காரணமாக எவரையும் விலக்கக் கூடாது என்று தன் 504ஆம் பிரிவில் சொல்லியது. நான்கு ஆண்டுகளாகியும் அதற்கு விதிமுறைகள் வராதபோது, 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் அரசுக் கட்டடத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் தங்கிப் போராடியவர்களில் பலர் பெர்க்லிக்காரர்கள். ஏப்ரல் 28ஆம் தேதி விதிமுறைகளில் கையெழுத்தானது. அமெரிக்கக் கல்லூரி ஒவ்வொன்றின் கதவையும் திறந்த அந்தச் சட்டப்பிரிவுக்கு இந்த ஊர் அவ்வளவு நெருக்கமானது.

ஆயினும் கதவு திறந்ததும் புத்தகம் திறந்துவிடவில்லை. டென்புரோக் காலத்துப் பார்வையற்ற மாணவர் படித்தது பிறர் வாய்வழியே. வாசித்துக் காட்ட ஆள் அமைந்தால் பாடம், இல்லையென்றால் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்கள் அரசு உதவியுடன் கல்லூரியில் சேர வந்தபோது பாடநூல் இல்லாமல் தவித்தார்கள். அவர்களுக்காக 1948இல் நியூயார்க் பொது நூலகத்தில் தன்னார்வலர்கள் பாடநூல்களை இசைத்தட்டுகளில் வாசித்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். 1976இல் ரே கர்ஸ்வெயில் அச்சுப் பக்கத்தைக் கண்டறிந்து உரக்கப் படிக்கும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். ஒவ்வொன்றும் பெரிய முன்னேற்றம். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை இருந்தது: நூல் முதலில் பார்வையுள்ளவருக்காக அச்சாகும், பிறகு நல்ல மனம் படைத்த ஒருவர் அதை மற்றவருக்காக மாற்றித் தருவார். இந்த இடைவெளி மாதக்கணக்கில் நீண்டது; அதற்குள் பருவத் தேர்வு முடிந்துவிடும். அச்சு யுகத்தில் இதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. காகிதத்தில் பதிந்த மை வேறு வடிவம் எடுக்காது.

டிஜிட்டல் எழுத்து அப்படிப்பட்டதல்ல. ஒரே கோப்பு திரையில் எழுத்தாகலாம், ஒலியாகலாம், விரலுக்கடியில் பிரெயில் புள்ளிகளாகலாம். அதற்கு ஒரே நிபந்தனை, பொருளும் அமைப்பும் அந்தக் கோப்புக்குள் இருக்க வேண்டும். வெறும் தோற்றம் போதாது. இதைத் துல்லியமாக நிறுவியவர்களில் ஒருவர் இந்தியர். மும்பை ஐஐடியில் படித்த பார்வையற்ற கணினி அறிஞர் டி. வி. ராமன், 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வாகக் கணிதக் கட்டுரைகளை வாசித்துக் காட்டும் மென்பொருளை உருவாக்கினார். லேட்டெக் என்ற கணினி அச்சுக்கோப்பு முறையில் எழுதப்பட்ட சமன்பாட்டில் எது தொகுதி, எது பகுதி, எது அடுக்கு என்ற அமைப்பு கோப்பிலேயே இருப்பதால், அதைக் கேட்பவர் புரிந்துகொள்ளும்படி குரலின் ஏற்ற இறக்கத்தோடு சொல்ல முடிந்தது. அதே சமன்பாட்டைப் படமாக ஒட்டினால் எந்த மென்பொருளும் அதைக் கண்டு திகைக்கும். அதாவது, ஓர் ஆவணம் அணுகத்தக்கதா இல்லையா என்பது அதைப் படிக்க முயலும் நாளில் முடிவாவதில்லை, எழுதும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

இனி ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். பொது நிறுவனங்களின் சேவைகள் அனைத்துக்கும் பொருந்தும் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990இல் வந்தது. இணையத்தின் தரங்களை வகுக்கும் உலகளாவிய கூட்டமைப்பு 1997இல் அணுகல்தன்மைக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கி, 1999 மே மாதம் முதல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது: படத்துக்குச் சொல்விளக்கம் தருக, காணொளிக்கு எழுத்து வடிவம் தருக, தலைப்பைத் தலைப்பாகவே குறியிடுக என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பெர்க்லி தன் வகுப்புகளை இணையத்தில் ஒளிபரப்பும் திட்டத்தை முறையாகத் தொடங்கியது 2001இல். 2007இல் முழுப் பாடத்திட்டங்களையும் யூடியூபில் ஏற்றிய முதல் பல்கலைக்கழகம் என்ற பெயர் பெற்றது. மரியன் டயமண்டின் உடற்கூறியல் வகுப்பும், ரிச்சர்ட் முல்லரின் இயற்பியல் வகுப்பும் உலகெங்கும் ரசிகர்களைச் சேர்த்தன. 2012இல் ஹார்வர்டும் எம்ஐடியும் நிறுவிய எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் பெர்க்லியும் இணைந்தது. சட்டம் முன்னே, நெறிகள் அடுத்து, பாடக் களஞ்சியம் கடைசியாக என்பதே வரிசை. ஏற்கெனவே இருந்த களஞ்சியத்தின் மீது பிற்காலச் சட்டம் வந்து விழுந்தது என்ற எண்ணத்துக்கு இந்த வரிசையில் இடமே இல்லை.

எச்சரிக்கையும் உரிய காலத்தில் வந்தது. 2009இல் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கிண்டில் டிஎக்ஸ் என்ற மின்னூல் கருவியில் பாடநூல்களைத் தந்து சோதித்தன. அந்தக் கருவியால் நூலை உரக்கப் படிக்க முடியும். ஆனால் நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டிய பட்டியல் பேசாது. எனவே பார்வையற்றவர் அதைத் தானாகத் திறக்கவே முடியாது. டென்புரோக் தொடங்கிய அதே கூட்டமைப்பு, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. 2010 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் நீதி அமைச்சகமும் கல்வித் துறையும் சேர்ந்து நாட்டின் கல்லூரித் தலைவர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதின. பார்வையற்ற மாணவர் பயன்படுத்த இயலாத கருவியை, அதற்குச் சமமான மாற்று வழி இல்லாமல், வகுப்பில் கட்டாயமாக்குவது சட்டத்துக்குப் புறம்பானது என்றது அக்கடிதம். கருவி புதிது, கடமை பழையது என்பது இவ்வாறு 2010இலேயே தெளிவாகிவிட்டது.

நான்காண்டுகள் கழித்து, காது கேளாதோருக்கான உலகப் புகழ்பெற்ற கல்லடெட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இருவரின் சார்பில், தேசியக் காது கேளாதோர் சங்கம் பெர்க்லியின் மீது புகார் கொடுத்தது. ஆய்வு செய்த நீதி அமைச்சகம் 2016 ஆகஸ்ட் 30ஆம் தேதி தன் முடிவை எழுதியது. பல காணொளிகளில் சப்டைட்டில் இல்லை. பலவற்றில் இயந்திரம் தானாக எழுதிய பிழை மலிந்த வரிகளே இருந்தன. கரும்பலகையில் எழுதியதையும் திரையில் காட்டிய வரைபடத்தையும் சொல்லால் விளக்கும் ஏற்பாடு இல்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் வண்ண வேறுபாடு போதவில்லை. பிடிஎஃப் ஆவணங்களில் திரைவாசிப்பான் மென்பொருள் பின்பற்ற வேண்டிய அமைப்புக் குறிகள் இல்லை. இவையெல்லாம் அரிய தொழில்நுட்பச் சிக்கல்கள் அல்ல. 1999ஆம் ஆண்டின் நெறிகளில் தொடக்க நிலைப் பாடமாகச் சொல்லப்பட்டவையே இவற்றில் பெரும்பாலானவை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் செலவு. மாநில நிதி குறைந்துகொண்டே வந்த ஒரு பொதுப் பல்கலைக்கழகம், இருபதாயிரம் பதிவுகளுக்கு எழுத்துரை சேர்க்க எங்கே போகும்? அதுவும், கட்டணம் செலுத்தாத வெளியாருக்காக? இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளக் கூடாது. பழைய ஒளிப்பதிவுகளைத் திருத்துவது உண்மையிலேயே பெரும் பணி. ஆனால் சட்டம் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. தாங்க முடியாத நிதிச் சுமை என்று நிறுவ முடிந்தால் அதிலிருந்து விலக்கு உண்டு. பெர்க்லி அவ்வாறு நிறுவவில்லை என்று அமைச்சகத்தின் கடிதம் குறிப்பிட்டது. மேலும் அந்தச் சுமை ஒரே நாளில் வந்ததல்ல. பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொரு பருவமும் அந்தந்தப் பருவத்துப் பாடங்களுக்கு மட்டும் செய்திருந்தால் ஆண்டுச் செலவில் ஒரு சிறு பகுதியாக அடங்கியிருக்கும். கட்டும்போதே சாய்தளம் வைத்தால் சில மூட்டை சிமெண்டு. கட்டி முடித்த பின் வைத்தால் வாசலையே இடிக்க வேண்டும். வெளியாருக்கு இலவசம்தானே என்ற வாதமும் நிற்காது. பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனம் எல்லோருக்கும் என்று சொல்லி ஒன்றைக் கொடுக்கும்போது, அந்த ‘எல்லோரில்’ வரி செலுத்தும் காது கேளாதவரும் அடங்குவார். விலையில்லை என்பது விலக்கி வைப்பதற்கு உரிமம் ஆகாது.

இரண்டாவது வாதம் கனமானது. எல்லோருக்கும் சமமாக இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம் என்று சட்டம் தள்ளினால், நாளை எந்தப் பேராசிரியரும் எதையும் பகிர முன்வர மாட்டார். ஏழை நாட்டு மாணவர்களுக்கும் இழப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆதாயம் இல்லை. பெர்க்லியின் முடிவால் நேர்ந்த இழப்பு உண்மையானது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அகற்றுமாறு எவரும் கேட்கவில்லை. புகார் கொடுத்தவர்களுக்கு வேண்டியிருந்தது பாடம், வெற்றிடம் அல்ல. வேறு வழி இருந்தது என்பதற்கு நாட்டின் மறுகரையில் சான்று கிடைக்கிறது. 2015 பிப்ரவரியில் அதே காது கேளாதோர் சங்கம் ஹார்வர்டு மீதும் எம்ஐடி மீதும் வழக்குத் தொடர்ந்தது. அவையும் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றவைதாம். இறுதியில் 2019 நவம்பரில் ஹார்வர்டும், 2020 பிப்ரவரியில் எம்ஐடியும் உடன்பாட்டுக்கு வந்தன. ஹார்வர்டின் உடன்பாட்டின்படி 2019 டிசம்பர் 1 முதல் வெளியாகும் பொதுக் காணொளிகளுக்குச் சப்டைட்டில் கட்டாயம். பழையவற்றுக்கு யாரேனும் கேட்டால் ஐந்து வேலை நாட்களுக்குள் சேர்த்துத் தர வேண்டும். புதியதை முதலில் சரியாகச் செய்வது, பழையதைத் தேவைக்கேற்ப வரிசைப்படுத்துவது என்ற இந்த எளிய ஏற்பாடு, செலவையும் உரிமையையும் ஒருசேர மதிக்கிறது. பகிர்வதைச் சட்டம் நிறுத்தியிருந்தால் இந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் முதலில் நிறுத்தியிருக்க வேண்டும்.

மூன்றாவது வாதம் இன்று அதிகம் கேட்பது: செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், மனிதர் ஏன் மெனக்கெட வேண்டும்? யூடியூப் 2009இலேயே தானியங்கிச் சப்டைட்டிலைக் கொண்டுவந்தது. பெர்க்லியின் பல காணொளிகளில் இருந்ததும் அதுதான். இயந்திரங்கள் அன்றைவிட வெகுவாக முன்னேறிவிட்டன. அவற்றைப் பயன்படுத்துவதே அறிவுடைமை. ஆனால் பல்கலைக்கழகப் பாடம் அன்றாடப் பேச்சைப் போன்றது அல்ல. கலைச்சொல்லில், வேதிப் பெயரில், சமன்பாட்டில், ஒரு ‘இல்லை’யில் நேரும் ஒரே பிழை பொருளைத் தலைகீழாக்கிவிடும். காது கேட்பவர் அந்தப் பிழையை உடனே உணர்வார். அந்த வரியை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அது பிழை என்றே தெரியாது. ஆகவே இயந்திரம் முதல் படியை எழுதலாம், பாடம் தெரிந்தவர் அதைச் சரிபார்த்தே தீர வேண்டும். அச்சுக்குப் போகும் நூலை மெய்ப்புப் பார்க்காமல் வெளியிட எந்தப் பல்கலைக்கழகப் பதிப்பகமும் துணியாது. அந்த அக்கறையைக் காணொளிக்கும் காட்டுங்கள் என்பதே கோரிக்கை.

பெர்க்லி விவகாரம் அகற்றலோடு முடியவில்லை. 2022 நவம்பரில் நீதி அமைச்சகமும் பல்கலைக்கழகமும் ஓர் உடன்படிக்கையை நீதிமன்றத்தின் முன் வைத்தன. பாடத் தளம், யூடியூப் அலைவரிசைகள், ஒலிப்பதிவுகள், இணையதளங்கள் என அனைத்தையும் அணுகத்தக்கவையாக்கப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. 2014இல் கேட்கப்பட்டதை எட்டாண்டுகள் கழித்துத் தர நேர்ந்தது. இடையில் இழந்தது பாடங்களை மட்டுமல்ல, நல்ல பெயரையும்தான். 2024 ஏப்ரலில் அமெரிக்க அரசு, பொதுப் பல்கலைக்கழகங்கள் உள்ளிட்ட அனைத்துப் பொது நிறுவனங்களின் இணைய உள்ளடக்கத்துக்கும் குறிப்பிட்ட தொழில்நுட்பத் தரத்தை வெளிப்படையாக வரையறுத்து விதி வெளியிட்டது. எது போதும், எது போதாது என்ற வழக்காடலுக்கு இடம் குறைந்தது.

நம் நாட்டுக்கு இந்த வரலாறு அந்நியமானதல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தன் 42ஆம் பிரிவில் மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை அரசுக்குத் தருகிறது. ஆனால் அதன் கீழ் வந்த விதி பல தரங்களை வெறும் வழிகாட்டுதலாகவே வைத்திருந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயத் தரங்களை வகுக்கப் பணித்தது. 2025 ஏப்ரல் 30ஆம் தேதி மற்றொரு தீர்ப்பில், டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் நம் ஆவணங்கள் எத்தனையோ எழுத்துருக் குறியாக்கங்களில் எழுதப்பட்டன. பாமினி எழுத்துருவில் திரையில் ‘அம்மா’ என்று தெரிவது, கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே இருக்கும். திரைவாசிப்பான் அந்தக் குறிகளைத்தான் உளறும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடத்தையும், அச்சுப் பக்கத்தை அப்படியே படம்பிடித்த பிடிஎஃப்பையும் இணையத்தில் ஏற்றினால், பார்வையற்ற மாணவருக்குக் கிடைப்பது அர்த்தமற்ற ஒலியோ வெறும் மௌனமோதான். இதைத் தவிர்க்கப் பெரிய நிதி வேண்டாம். ஒருங்குறியில் எழுதுவதும், தலைப்புக்கு உரிய பாணியைத் தேர்வதும், படத்துக்குக் கீழே இரண்டு வரி விளக்கம் சேர்ப்பதும் எழுதுபவரின் கையில் உள்ளவை.

பெர்க்லி சொல்லித்தரும் பாடம் அச்சம் அல்ல. சட்டத்துக்குப் பயந்து எதையும் வெளியிடாதிருப்பது அந்தப் பல்கலைக்கழகம் செய்த தவறையே திரும்பச் செய்வதாகும். இன்று நம் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் ஆயிரக்கணக்கில் காணொளிப் பாடங்களையும் மின்னூல்களையும் உருவாக்கி வருகின்றன; அந்தக் களஞ்சியம் இன்னும் வளரும் பருவத்தில்தான் இருக்கிறது. ஆகவே துணைவேந்தர்கள் வருடாந்திர நிதியிலேயே இதற்கு ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். வெளியிடும் முன் மாற்றுத்திறனாளி மாணவர்களைக் கொண்டே சோதிக்க வேண்டும். பழையவற்றில் அதிகம் படிக்கப்படுபவற்றை முதலில் திருத்த வேண்டும். ஆசிரியர்கள் அடுத்த பாடக் குறிப்பிலிருந்தே இதைத் தொடங்கலாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த கடனை ஒரு பெரும் பல்கலைக்கழகமே 20,000 பாடங்களால் அடைக்க நேர்ந்தது. அந்தக் கடனை நாம் வாங்கவே வேண்டியதில்லை.